சுபேதாரம்மா சொல்லிக் குடுத்தது

பின்னாடி இருந்து தோளத் தொடாத கண்ணு. ஐயோ, கோவம் எல்லாம் இல்ல. சீட்டு காலியான்னு கேக்கத்தானே தொட்ட? உக்காரு, உக்காரு. தூக்கிவாரிப் போட்டுடுச்சி, அவ்ளோதான். கூடையில இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு போச்சி பாரு, உன் காலாண்ட ஒண்ணு கெடக்குது, எடு. எங்க ஊட்ல யாரும் யாரையும் பின்னாடி இருந்து தொடமாட்டோம். பழக்கம். முன்னாடி வந்து, மூஞ்சியக் காட்டிட்டு, அப்பறம்தான் பேசறது.

போளூரா போற? நல்லதாப் போச்சி. கண்ணமங்கலம் தாண்டற வரைக்கும் இந்த பஸ்ஸு உருட்டிக்கினுதான் போவும். நர்சிங் படிக்கறியா? அப்ப உனக்குச் சொன்னா புரியும்.

மிலிட்டரி குடும்பம் கண்ணு எங்களுது. ஊட்டுக்காரரு சுபேதாரா ரிடயரு ஆனவரு. என் பேரு பச்சையம்மா. ஆனா எங்க ஊர்ல அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா யாருக்கும் ஊடு தெரியாது. சுபேதாரம்மா ஊடுன்னு கேக்கணும். சின்னப் பசங்க கூட வழி காட்டும். அப்படிப் பேரோட இருந்தவளை இப்ப இன்னா பண்ணி வெச்சிருக்காங்க தெரியுமா? நான் யார்கிட்டயும் சொல்லல. ஊர்ல சொன்னா கண்ணு, மூக்கு வெச்சிப் பேசுவாங்க. நீ யாரோ, நான் யாரோ. உங்கிட்ட சொன்னா பஸ்ஸோட போயிடும்.

எங்க பக்கத்துல ஊட்டுக்கு ஒரு ஆளு பட்டாளத்துல. அவன் அங்க எல்லையில நிப்பான், இங்க பொண்டாட்டி கேஸு சிலிண்டருக்கு நிப்பா. மாமியாருக்கு மூச்சு வாங்கும், குழந்தைக்கு இஸ்கூல்ல எடம் கிடைக்காது, பங்காளி வரப்பை வெட்டிக்கினு வருவான். யாரு பாக்கறது? அதுக்குத்தான் மன்றம். ஜவான் குடும்ப மன்றம். காட்பாடியில ஒரு மேஜரோட சம்சாரம் ஆரம்பிச்சது. மேஜரம்மான்னுதான் கூப்பிடுவோம். சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கிடையாது, சேவைதான். ஆளுக்குக் கொஞ்சம் ஊரு பிரிச்சிக் குடுத்துடுவாங்க. பெட்டி வந்தா மொதல்ல போய் நிக்கறது நாங்கதான். பெட்டின்னா புரிஞ்சிதா? ம். கொடி போத்தி வரும். அந்தப் பொண்ணைப் பிடிச்சிக்கணும். அவ விழாம பிடிச்சிக்கறதுதான் எங்க வேலை. நான் எத்தினி பேரைப் பிடிச்சிக்கினு நின்னிருக்கேன்! என் இடுப்புல இன்னும் அவளுங்க நகக்குறி இருக்குது.

ஆனா ஒண்ணு. பெட்டி வந்த ஊட்டுக்கு எல்லாரும் வருவாங்க. அதிகாரிங்க வருவாங்க, மாலை வரும், போட்டோக்காரன் வருவான். ஆளே நடந்து வந்த ஊட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. உசுரோட வந்துட்டான் இல்ல, அப்பறம் இன்னா? அங்கதான் கண்ணு ஆளு வேணும். அங்க நான் போவேன். மன்றத்துல வேற யாருக்கும் அது தெரியாது, எனக்குத்தான் தெரியும். மேஜரம்மாவுக்கும் தெரியாது. மேஜரு ஆபீசுலயே இருந்தவரு.

புருஷன் லீவுல வரான்னா, இல்ல சர்வீஸ் முடிச்சி வரான்னா, அந்தப் பொண்ணுங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன். தூங்கற ஆளை எழுப்பணும்னா கையத் தொடக்கூடாது, தோளத் தொடக்கூடாது. கால்மாட்டுல நின்னு கட்டைவெரலை லேசாத் தொட்டுட்டு உடனே பின்னால வந்துடணும். குக்கர் வாணாம், அந்த விசிலு அவங்களுக்கு ஆவாது. பானையில வடிச்சா இன்னா இப்ப? பாத்திரம் கீழ விழக்கூடாது. கதவு காத்துல அடிச்சிக்காம துணி சொருகி வெக்கணும். வாசப்படியில குறுக்க நிக்கக்கூடாது, வெளிய போற வழி அவங்க கண்ணுக்கு எப்பவும் தெரியணும். அங்க இன்னா நடந்துச்சின்னு கேக்கவே கூடாது. சோத்தைத் தள்ளிட்டு எழுந்து போனா பின்னாலயே போவக்கூடாது, தட்டை மூடி வெச்சிட்டு நம்ம வேலையப் பாக்கணும்.

இத்தெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானாக் கத்துக்கினது. ஒரு பல்லு போச்சி, இந்தச் சுண்டுவெரலு மடங்காது, அது கெடக்கட்டும். அப்ப எங்க ஊட்டுக்காரருக்கு சின்ன வயசு. இப்ப அவரு தங்கம். குரலை ஒசத்தமாட்டாரு. ஒசத்தற மாதிரி எதுவும் வராம நான் வெச்சிக்கறேன்.

இன்னா அப்படிப் பாக்கற? கேளு.

ஈச்சம்பட்டுன்னு ஒரு ஊரு, என் பங்குல வந்தது. அங்க ரேணுகான்னு ஒரு பொண்ணு. புருஷன் பேரு தசரதன், பட்டாளத்துல நாயக் ரேங்கு. அவன் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் இவ தனியா ஊட்டை நடத்துனா. தையல் மிஷினு வெச்சிருந்தா. ஊரு ரவிக்கை முழுக்க அவகிட்டதான். மிஷினு கடகடன்னு ஓடிக்கினே இருக்கும், அதுக்கு மேல இவ கத்திப் பேசுவா, அதுக்கு மேல அந்தக் குட்டி பாடிக்கினு இருக்கும். யாழினின்னு பேரு. அப்பதான் இஸ்கூலு சேந்திருந்தா. நான் தெருமுனையில வரும்போதே ரேணுகா சிரிப்பு கேக்கும்.

"ஏன்டி ஆயியும் பொண்ணும் இப்படிக் கத்தறீங்க?"ன்னு கேட்டேன் ஒருவாட்டி.

"ரெண்டே பேரு இருக்கற ஊடு சுபேதாரம்மா. கத்தினாதான் நெறைஞ்ச மாதிரி இருக்குது"ன்னா.

அப்பவே நெனச்சேன், புருஷன் வந்தா இது தாங்காதேன்னு.

வந்தான். சர்வீஸ் முடிச்சிக்கினு ஒரேயடியா வந்துட்டான். ஊரே போய் மேளம் வெச்சி அழைச்சிக்கினு வந்துச்சி. நான் ஒரு வாரம் விட்டுட்டுப் போனேன். என்னைப் பாத்ததும் எழுந்து நின்னான். "ஜெய்ஹிந்த் அம்மா"ன்னான். அவனே சேரை எடுத்துப் போட்டான், அவனே டீ போட்டுக் கொண்டாந்தான். டம்ளரைத் தரையில வெக்கல, என் கையில குடுத்தான். எந்த ஊர்ல எந்த ஆம்பள அப்படிச் செய்வான் சொல்லு. தலை குனிஞ்சிதான் பேசுவான். அந்தக் குட்டி அவன் மடியில ஏறி மீசையப் பிடிச்சி இழுக்குது, பேசாம இருக்கறான். கண்ணுல தண்ணி நிக்குது.

ரேணுகா மணிக்கட்டுல துணி சுத்தியிருந்தா. இன்னாடி இதுன்னேன். "கெணத்துக் கயிறு அறுத்துடுச்சி"ன்னா. அவங்க தெருவுக்கு வாசல்லயே கொழாய் வந்து எவ்ளோ நாளாச்சி. இருந்தாலும் நான் மேல கேக்கல. நானும் அப்படித்தான் ஏதாவது சொல்லுவேன். நல்ல குடும்பத்துப் பொண்ணு அப்படித்தான் சொல்லும்.

அடுத்த தடவை நான் கெளம்பும்போது பஸ்ஸு ஏத்திவிடறேன்னு கூடவே வந்தா. புளியமரத்தாண்ட வந்ததும் என் கையப் பிடிச்சிக்கினா.

"சுபேதாரம்மா, இவரை டாக்டர்கிட்ட காட்டணும்."

"காய்ச்சலா?"

"ஒடம்புக்கு இல்லம்மா. மனசுக்கு. முன்னால போன வண்டி வெடிச்சிடுச்சாம். அதுல இருந்தவங்களை எல்லாம் இவருதான் பொறுக்கி எடுத்தாராம். ஒரே ஒரு நாளு சொன்னாரு, அப்பறம் சொல்லல. படுத்தா எழுந்து உக்காந்துக்கறாரு. கதவைக் கதவைப் போய்ப் பாக்கறாரு. நான் டாக்டருன்னு வாயெடுத்தா அடிக்கறாரு, அடிச்சிட்டு அழறாரு. மேஜரம்மா வந்து சொன்னா கேப்பாரு. பட்டாளத்து ஆளுங்க சொன்னா கேப்பாரும்மா. நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட."

சரி சொல்றேன்னேன். அப்படித்தானே சொல்ல முடியும்? பொண்ணு கையப் பிடிச்சிக்கினு நிக்குது.

ஆனா நீயே யோசி. நான் போய் மேஜரம்மாகிட்ட சொல்றேன்னு வெச்சிக்கோ. அவங்க நாலு பேர்கிட்ட கேப்பாங்க. நாலு பேரு நாப்பது பேர்கிட்ட சொல்லுவாங்க. மேளம் வெச்சி அழைச்ச ஊரு, பைத்தியம்னு சொல்லும். நாளைக்கு அந்தப் பொட்டப்புள்ளையை யாரு கட்டுவான்? ஒரு ஜவானோட மானம் கண்ணு. நான் அதைக் காப்பாத்துனேன். எங்க ஊட்டுக்காரருக்கு எந்த டாக்டரு பாத்தாரு? சரியாப் போவலியா?

அதனால டாக்டருக்குப் பதிலா நான் சொல்லிக் குடுத்தேன். அவளை அடிக்கடி போய்ப் பாத்தேன், மத்த ஊரைக் கூட விட்டுட்டு. ஒவ்வொண்ணா சொன்னேன். கட்டைவெரலு, குக்கரு, கதவு, எல்லாம். மொதல்ல முறுக்கிக்கினா. "நான் இன்னா சுபேதாரம்மா, திருட்டு ஊட்லயா குடியிருக்கறேன்?"ன்னா. அப்பறம் வழிக்கு வந்தா. தையல் மிஷினு சத்தம் அவனுக்கு ஆவலைன்னு பக்கத்து ஊட்ல கொண்டு போய்ப் போட்டு அங்க தெச்சா. அங்க இருந்தும் கேக்குதுன்னான், வித்துட்டா. கொலுசைக் கழட்டி வெச்சா. குழந்தையோடதும்தான்.

ஒரு வருசம் ஆவறதுக்குள்ள அந்தப் பொண்ணு எப்படி மாறிட்டா தெரியுமா! ஊட்டுக்குள்ள நடந்தா பூனை நடக்கற மாதிரி இருக்கும். நான் தெருமுனையில இருந்து வாசல் வரைக்கும் வந்து நிப்பேன், உள்ள ஆளு இருக்கறதே தெரியாது. யாழினி அதுக்கு மேல. எது வேணும்னாலும் அம்மா காதாண்ட போய்த்தான் கேக்கும். இஸ்கூலு டீச்சரு ரேணுகாவைக் கூப்பிட்டு, புள்ள வாயே தெறக்க மாட்டேங்குதே, பாடச் சொன்னா உதடு மட்டும் அசையுதே, ஊட்ல ஏதாவது பிரச்சினையான்னு கேட்டாங்களாம். நான் சொன்னேன், "டீச்சருக்கு இன்னா தெரியும்? சமத்துப் புள்ளைன்னு சொல்லுடி"ன்னு. எனக்கு அவ்ளோ சந்தோசம். எத்தினியோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், இவ்ளோ நல்லா கத்துக்கினவங்க யாரும் இல்ல.

ரேணுகா இன்னும் ரெண்டு வாட்டி டாக்டரு பேச்சை எடுத்தா. பேசிக்கினு இருக்கறேன்னு சொன்னேன். அப்பறம் அவ கேக்கறத விட்டுட்டா.

மன்றத்து ஆண்டு விழா வந்துச்சி. ஆரணியில ஒரு கல்யாண மண்டபம். ஒவ்வொரு வருசமும் ஒரு ஜவானை மேடையேத்தி சால்வை போத்துவோம். நான்தான் தசரதன் பேரைச் சொன்னேன். மேஜரம்மா "நல்ல குடும்பமா பச்சையம்மா?"ன்னு கேட்டாங்க. "மேடம், என் கையால வளந்த குடும்பம்"னேன்.

குடும்பத்தோட வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெடலு எல்லாம் குத்திக்கினு. ராஜா மாதிரி இருந்தான். யாழினி பட்டுப்பாவாடை. ரேணுகா முழுக்கை ரவிக்கை, அந்த வெயில்ல. குடும்பத்தோட மேடைக்குக் கூப்பிட்டாங்க. சால்வை போத்தற நேரத்துல, எவனோ ஒருத்தன், பொறந்தநாளுக்கு எல்லாம் வெடிப்பாங்களே, கலர் பேப்பரு கொட்டுமே, அத்த வெடிச்சிட்டான். டப்புன்னு.

அந்த ஆளு புள்ள மேல விழுந்தான் கண்ணு. யாழினியைக் கீழ போட்டு மேல கவுந்து படுத்துக்கினான். ரெண்டு கையாலயும் அது தலையை மூடிக்கினு. மொதல்ல கொஞ்சம் பேரு சிரிச்சாங்க. அப்பறம் ஒருத்தரும் சிரிக்கல. எழுப்பினா எழுந்திருக்கல. இந்தியில இன்னாமோ சொல்லிக்கினே இருந்தான், அதையே திரும்பத் திரும்ப. அடியில அந்தக் குழந்தை மூச்சு விடல, அழல, ஒரு சத்தம் போடல. கலர் பேப்பரு மட்டும் மேல இருந்து விழுந்துக்கினே இருக்குது.

நான்தான் போய்க் கால்மாட்டுல உக்காந்து, கட்டைவெரலைத் தொட்டு, "தசரதா, எல்லாம் முடிஞ்சிது, எழுந்திரு"ன்னேன். எழுந்தான். பாத்தியா? அவ்ளோ பெரிய கூட்டத்துல அது யாருக்குத் தெரிஞ்சிது?

மேஜரம்மா என்னைத் தனியா அழைச்சிக்கினு போனாங்க. ரேணுகா அந்தாண்ட நின்னு புள்ள தலையில இருக்கற பேப்பரை எடுத்துக்கினு இருந்தா.

"பச்சையம்மா, அந்த வீட்ல ஏதாவது பிரச்சினையா? உண்மையைச் சொல்லுங்க. வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நாளைக்கே கூட்டிட்டுப் போகலாம்."

"அய்யய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். வெயிலு. காலையில சாப்பிடாம வந்துட்டான்."

"ரேணுகாகிட்ட நான் பேசட்டுமா?"

"நான் பாத்துக்கறேன் மேடம். என்கிட்ட சொல்லாததையா அவ உங்ககிட்ட சொல்லப் போறா?"

ரேணுகா என்னையே பாத்துக்கினு இருந்தா. நான் கண்ணாலயே வாணாம்னு ஜாடை காட்டுனேன். அவளும் வாயத் தெறக்கல. சொன்னா புரிஞ்சிக்கற பொண்ணு.

அதுக்கப்பறம் அவன் வெளியவே வரல. ஒரு மண்டபத்துல ஊரே பாத்துடுச்சேன்னு. வாசல் ஜன்னலுக்கு அட்டை அடிச்சிட்டான். நான் போனா இப்ப சேரு போடறது ரேணுகாதான். அவன் உள் ரூம்ல இருந்தே "ஜெய்ஹிந்த் அம்மா"ன்னுவான். குரலு நல்லாத்தான் இருந்துச்சி.

கோடை லீவு. பட்டப்பகலு. ரேணுகா பின்கட்டுல துணி தொவைச்சிக்கினு இருந்தா. சோறு வடிச்சி வெச்சாச்சி, அப்பாவை எழுப்பணும். எப்பவும் அவதான் எழுப்புவா. அன்னிக்குக் கையெல்லாம் சோப்பு. யாழினி "நான் போறேம்மா"ன்னு காதாண்ட வந்து சொல்லிச்சாம். இவ வேணாம்னு சொல்லித் திரும்பறதுக்குள்ள போயிடுச்சாம்.

சத்தம்னு பாத்தா ஒரே சத்தம்தான். அம்மிக்கல்லு அந்த ரூம்ல ஓரமாக் கெடந்துச்சி, யாரும் அரைக்கிறதில்ல. அவன் திடுக்குனு எழுந்து தள்ளுனதுல புள்ள தலை அதுல பட்டுடுச்சி.

அவனேதான் தூக்கிக்கினு ஓடுனான். செருப்பு இல்ல, சட்டை இல்ல. தார் ரோட்டுல, அந்த வெயில்ல, தோள்ல போட்டுக்கினு ஓடறான். பால்வண்டி ஒண்ணு நிறுத்தி ஏத்திக்கினாங்க. வண்டியில புள்ளயை மடியில வெச்சிக்கினு வழி முழுக்க அதுகிட்ட பேசிக்கினே வந்தானாம். வேலூரு போறதுக்கு முன்னாலயே போயிடுச்சி. அத்த டாக்டருதான் அவன்கிட்ட சொன்னாங்க. அவன் அட்டென்ஷன்ல நின்னு கேட்டுக்கினானாம். போலீசுக்கு அவனேதான் சொன்னான். நான்தான் செஞ்சேன், என்னைச் சுட்டுடுங்கன்னு.

இந்தா, தண்ணி குடி. உனக்கு எதுக்குக் கண்ணு கலங்குது? ஆஸ்பத்திரியில இதெல்லாம் பாத்துக்கினுதானே இருப்ப.

இப்ப அவன் மனநல ஆஸ்பத்திரியில இருக்கறான், காவல்ல. கோர்ட்டே அனுப்பிடுச்சி. ரேணுகா கேட்டாளே டாக்டரு, அந்த டாக்டரு இப்ப கவர்மென்ட் செலவுலயே பாக்கறாரு. நான் ஒரு தடவை போய்ப் பாத்தேன். செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தான். சாப்பிடுன்னா சாப்பிடறான், எழுந்திருன்னா எழுந்திருக்கறான். சொல்லலைன்னா ஒண்ணும் செய்யறதில்ல. என்னைப் பாத்துட்டு ஜெய்ஹிந்த் சொல்லல.

இதுல என் தப்பு இன்னா இருக்குது, சொல்லு? குழந்தையை அனுப்புனது யாரு? சரி, அனுப்பல, போயிடுச்சி. போவாம பாத்துக்க வேண்டியது யாரு? தாய்தானே?

காரியம் முடிஞ்சி கொஞ்ச நாளு கழிச்சி மேஜரம்மா கூப்பிட்டனுப்புனாங்க. போனேன். சேரு போடல. எத்தினி வருசமாப் போறேன், அன்னிக்கு நிக்க வெச்சே கேட்டாங்க.

"ரேணுகா உங்ககிட்ட டாக்டர் வேணும்னு கேட்டாளா?"

"கேட்டா மேடம்."

"எத்தனை தடவை?"

"நான் எண்ணி வெச்சிக்கல மேடம்."

"ஆரணியில நான் நேரடியாக் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"குடும்ப மானம் மேடம். ஒரு ஜவானோட..."

"பச்சையம்மா, ஒரு குழந்தை செத்துப் போச்சு."

"அதுக்கு நான் அழலியா மேடம்? உங்களை விட நான்தான் அதிகமா அழுதேன்."

அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே இருந்தாங்க. அப்பறம், "இனிமே நீங்க எந்த வீட்டுக்கும் போக வேண்டாம்"னாங்க. அவ்ளோதான். ஒரு டீ கூட இல்ல. ராத்திரி பகல் பாக்காம ஓடுனவளுக்கு அதான் மரியாதை. இப்ப என் ஊருங்களுக்கு எல்லாம் ஒரு சின்னப் பொண்ணு போவுதாம், உன் வயசுதான் இருக்கும். கவுன்சிலிங்கு படிச்சிருக்குதாம். கல்யாணமே ஆவல அதுக்கு!

ஆனா மன்றம் போவாதன்னா ஜனங்க விட்டுடுமா? இப்ப நான் போறது கூட அதுக்குத்தான். படவேட்டுக்குப் பிரியற ரோட்டாண்ட ஒரு ஊரு, ஒரு அம்மா போன் பண்ணுச்சி. மருமவ புதுசு, முழுகாம இருக்குது. மவன் அடுத்த வாரம் லீவுல வரானாம். போன தடவை வந்தப்ப ஏதோ சரியில்லயாம். வந்து பொண்ணுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சுபேதாரம்மான்னு கெஞ்சுது. எப்படிப் போவாம இருக்கறது?

ரேணுகாவையா? பாத்தேனே. செய்யாறுகிட்ட அவ அம்மா ஊட்ல இருக்கறா. எனக்கு மனசு ஆறல. நேராப் போய் நின்னேன். "ஏன்டி, உன்னை என் பொண்ணு மாதிரி பாத்துக்கினேனே, மேஜரம்மாகிட்ட என் பேரை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கியே, ஞாயமா?"ன்னு கேட்டேன்.

சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். வரல. சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. அவ அம்மா உள்ள இருந்து, "அவளை வெளிய போவச் சொல்லுடி"ன்னு கத்துது. இவ கையக் காட்டி அமத்துறா. என் எதிர்ல உக்காந்தா. எளைச்சி, கறுத்து, அடையாளமே தெரியல.

"நான் பேரைக் கெடுக்கல சுபேதாரம்மா. கேட்டாங்க, நடந்ததைச் சொன்னேன்."

"குழந்தையை நீ அனுப்பியிருக்கலாமாடி? அதுக்கு நீ எல்லாம் சொல்லிக் குடுத்திருக்க வாணாமா?"

"சொல்லிக் குடுத்திருந்தேன். நான் கதவாண்ட வரும்போது பாத்தேன். அவ கால்மாட்டுலதான் நின்னுக்கினு இருந்தா. கட்டைவெரலைத்தான் தொட்டா. லேசாத்தான் தொட்டா. தொட்டுட்டுப் பின்னாலயும் வந்தா. நீங்க சொன்னதுல ஒண்ணு கூட விடல என் புள்ள."

சொம்பை எடுத்து ரெண்டு மொடக்கு தண்ணி குடிச்சேன் கண்ணு. அப்பறம் சொன்னேன், "அப்ப கொஞ்சம் அழுத்தித் தொட்டிருக்கும்டி, குழந்தைதானே"ன்னு.

அவ என்னைப் பாத்துக்கினே இருந்தா. கோவமாப் பாத்தா கூட பரவாயில்ல. பாவமாப் பாத்தா. என்னைப் போய்! "உங்க ஊட்ல நீங்க எப்பனா சத்தமாப் பேசியிருக்கீங்களா சுபேதாரம்மா?"ன்னு கேட்டா. சம்பந்தம் சம்பந்தமில்லாம. நான் எதுக்கு சத்தமாப் பேசணும்? எனக்கு இன்னா கொறச்சலு? சொம்பை வெச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் போவல.

அட, அது கூட போவட்டும். ஊராரு. என் ஊட்லயே பாரேன்.

யாழினி போன சேதியை நான் வந்து சொன்னப்ப எங்க ஊட்டுக்காரரு சாப்பிட்டுக்கினு இருந்தாரு. கை நின்னு போச்சி. "எப்படி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாரு. அவரு எதையும் கேக்கற ஆளே இல்ல. சொன்னேன். எழுப்பப் போச்சி, தூக்கத்துல இருந்தான், இப்படி ஆயிடுச்சின்னு. எழுந்து போய்க் கை கழுவிக்கினாரு. கழுவிக்கினே இருந்தாரு. தொட்டித் தண்ணி முழுக்கத் தீந்துபோச்சி.

அன்னியில இருந்து தன் ரூமைச் சாத்தி உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கினுதான் படுக்கறாரு. கட்டுன காலத்துல இருந்து போடாத தாழ்ப்பாளு. நான் இன்னா திருடியா? சாப்பாட்டுத் தட்டைக் கூட நான் வெச்சிட்டு அந்தாண்ட போனப்பறம்தான் வந்து எடுத்துக்கறாரு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பெங்களூர்ல குடுத்திருக்குது. ஒரு பேரன், இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கறான். லீவுக்கு அழைச்சிக்கினு வரேன்னு போன் பண்ணா. எனக்குத் தலைகால் புரியல. முறுக்கு சுட்டேன், அதிரசம் போட்டேன். இவர்கிட்ட சொன்னேன். "வர வேணாம்னு சொல்லு"ன்னாரு. வெளையாடறாருன்னு நெனச்சி நான் சொல்லல.

வந்துட்டா. வாசல்ல ஆட்டோ நிக்குது. நான் அடுப்பாண்ட இருந்து கையத் தொடச்சிக்கினு ஓடி வரேன். இவரு இரும்பு கேட்டாண்ட நிக்கறாரு. கேட்டைப் பூட்டியிருக்கறாரு! சாவி எங்கன்னு தெரியல. பொண்ணு வெளிய நிக்கறா, "அப்பா, தெறங்கப்பா, இன்னாப்பா இது"ன்னு. புள்ள கம்பி வழியா ரெண்டு கையையும் உள்ள நீட்டி "தாத்தா, தாத்தா"ன்னுது. ஒரு எட்டு வெச்சா தொட்டுடலாம். இந்த மனுஷன் பின்னால நகந்துக்கினே வராரு. செவுத்துல முதுகு இடிச்சதும் நின்னாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கினாரு, பரேடுல நிக்கற மாதிரி. இறுக்கி, வெரலு வெளுத்துப் போற அளவுக்கு. "கூட்டிக்கினு போயிடும்மா"ன்னாரு. அவ்ளோதான் பேச்சு.

பொண்ணு அழுதுக்கினே ஆட்டோவைத் திருப்பச் சொன்னா. அந்தக் குழந்தை திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போவுது. நான் முறுக்குப் பையைக் கம்பி மேல தூக்கிப் போட்டேன், பாதி ரோட்டுல கொட்டிடுச்சி. தெருவே நின்னு பாக்குது. திரும்பி இவரைப் பாக்கறேன், கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, அப்பவும் அந்தக் கையை அவுக்கல.

சொந்தப் பேரனைத் தொட ஒரு மனுஷனுக்கு மனசு வரலைன்னா, அது இன்னா நெஞ்சு கண்ணு? கல்லுதானே?